அந்தப் பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள்

நூறாண்டு கடந்த பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

உங்களில் ஒருவருடைய பள்ளியில் சென்ற கோடை விடுமுறையில் பழைய அலுவலக அறையைக் காலி செய்தார்கள். ஸ்மார்ட் கிளாஸுக்கு இடம் வேண்டுமாம். உடைந்த பெஞ்சுகள், சுருட்டி வைத்த வரைபடங்கள், வருகைப் பதிவேடுகள், அவற்றோடு 1911 முதல் 1940 வரையிலான சேர்க்கைப் பதிவேடுகள் எல்லாம் ஒரே மினி லாரியில் ஏறின. பழைய பேப்பர் கடைக்காரர் துணி ஒட்டிய அட்டைகளைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்தாளை மட்டும் எடை போட்டார் என்று, அந்தப் பள்ளியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் சொன்னார். அட்டைக்கு விலை கிடையாதாம்.

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு பள்ளியைக் கூண்டில் ஏற்றிவிட்டால் மற்றவர்கள் 'நல்லவேளை, நாமில்லை' என்று இருந்துவிடுவீர்கள். குடும்ப வரலாறு தேடும் எங்களைப் போன்றவர்கள் சந்தித்துப் பேசும்போது ஊர் பெயர்தான் மாறுகிறது, கதை மாறுவதில்லை. ஒரு பள்ளியில் கரையான், இன்னொன்றில் ஒழுகும் ஓடு, வேறொன்றில் நூற்றாண்டு விழாவுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் கொளுத்திப்போட்ட குப்பை. விழா மலரில் அமைச்சரின் வாழ்த்து உண்டு, நகைக்கடை விளம்பரம் உண்டு, தாளாளர்களின் படங்கள் வரிசையாக உண்டு. முதல் ஆண்டு அந்தப் பள்ளியில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருவருடைய பெயராவது இருந்த மலரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சேர்க்கை, நீக்கல் பதிவேடு கழிக்கக்கூடிய ஆவணம் அல்ல. கட்டண ரசீதுக் கட்டையைக் கழிக்கலாம், வருகைப் பதிவேட்டைச் சில ஆண்டுகள் கழித்துக் கழிக்கலாம். அட்மிஷன் ரிஜிஸ்டர் நிரந்தரமாக இருக்க வேண்டியது. பள்ளி அலுவலகத்தில் ஒரு வருடம் வேலை பார்த்த இளநிலை உதவியாளருக்குக்கூட இது தெரியும். தொலைந்துபோன டிசிக்கும் ரெக்கார்டு ஷீட்டுக்கும் நகல் கேட்டு வருகிறவருக்கு வேறு எதைப் பார்த்து எழுதிக் கொடுப்பீர்கள்? அறுபது வருடத்துக்கு முந்தைய மாணவர் உயிரோடு வந்து நிற்பார், அவருடைய பதிவேட்டை வைத்திருப்போம். நூறு வருடத்துக்கு முந்தையவர் வரப்போவதில்லை, ஆகவே தூக்கிப் போடலாம் என்பது கழித்தவர்களின் கணக்கு. அவர் வரமாட்டார். அவருடைய பேத்தியும் கொள்ளுப்பேத்தியும் வந்து நிற்கிறோம்.

நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்குத் தேட இடம் நிறைய இருக்கிறது. இனாம் விசாரணைப் பதிவேடுகள், செட்டில்மென்ட் பதிவேடுகள், பத்திரப் பதிவு அலுவலகத்தின் பழைய புத்தகங்கள், கோவில் கல்வெட்டு. பங்காளிச் சண்டை கோர்ட்டுக்குப் போன குடும்பம் என்றால் இன்னும் விசேஷம். நான்கைந்து தலைமுறை வம்சாவளி தீர்ப்பிலேயே அச்சாகிக் கிடக்கும். ஏறிய பனையும் குத்தகை, குடிசை நின்ற மண்ணும் அடுத்தவருடையது என்றிருந்த குடும்பம் எங்கே போய்த் தேடும்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் இருக்காதா என்று சிலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 1921 கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்களை இன்றைக்கு யாரும் எடுத்துப் பார்க்கலாம். நம் நாட்டில் எண்ணி முடித்ததும் படிவங்களை அழித்துவிட்டார்கள். கூட்டல் மட்டும் தடித்தடி தொகுதிகளாக நிற்கிறது, அதில் ஒரு மனிதருக்கும் பெயர் இல்லை. பழைய பிறப்புப் பதிவேட்டில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே எழுதிவிடுவதால் 'ஆண்' அல்லது 'பெண்' என்று இருக்கும், பெயர்க் கட்டம் காலி. சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு, ஆனால் மிஷன் பள்ளியில் படித்தவர்களில் பலர் ஞானஸ்நானம் வாங்காமலேயே படித்துவிட்டுப் போனவர்கள்.

ஆகவே எங்களுக்கு மிஞ்சியது நீங்கள் எடைக்குப் போடுகிற நோட்டு.

அதில் என்ன இருக்கும் என்று ஒரு பக்கத்தை வைத்தே சொல்கிறேன். லாரி வருவதற்கு முன், முதலில் சொன்ன அதே பள்ளியில், 1906-ம் ஆண்டுப் பக்கம் ஒன்றைப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. பார்க்க மட்டும், படம் எடுக்கக் கூடாது என்றார்கள், பென்சிலால் குறித்துக்கொண்டேன். அகலமான தாள், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு வரி. சேர்க்கை எண், தேதி, பிள்ளையின் பெயர், பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர், தொழில், ஊர், மதமும் சாதியும், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, அம்மை குத்திய தழும்பு உண்டா இல்லையா, விலகிய தேதி, விலகிய வகுப்பு, காரணம். கறுப்பு மை பழுப்பாகிச் சில எழுத்துகளில் தாளையே அரித்திருந்தது. 'ட' வரும் இடமெல்லாம் அழுத்தி எழுதும் வாத்தியார் போலிருக்கிறது, அந்த மூலைகளில் பொத்தல்.

பிறந்த தேதியை நான் நம்பவில்லை. வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று கணக்கிட்ட காலம். வரிசையாகப் பல பிள்ளைகளுக்கு ஒரே மாதம் பிறந்திருந்தது. மற்ற கட்டங்களை நம்பினேன்.

என் பூட்டியின், அதாவது என் ஆச்சியைப் பெற்றவளின், வரியில் அப்பாவின் தொழில் என்ற கட்டத்தில் 'கொழும்பு' என்று மட்டும் இருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எங்கள் தேரிக்காட்டு, அதாவது செம்மணல் மேட்டு, ஊர்களில் அதுவே போதுமான பதில். பாதுகாவலர் கட்டத்தில் ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் 'தாய்' என்று குறிப்பு. எங்கள் குடும்பத்தில் உயிரோடிருக்கும் யாருக்கும் தெரியாத பெயர் அது. என் ஆச்சிக்கே தெரியாது. 'அம்மையப் பெத்தவளை நான் கண்டேனா' என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் வம்சாவளியை எழுத உட்கார்ந்த பெரியப்பாக்கள் எல்லாரும் அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஆண்வழியாகவே ஏறிப் போனவர்கள். அந்த அம்மாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்து எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர்தான். கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்றுதான் எழுதியிருப்பார். இருக்கட்டும்.

விலகிய காரணம் என்ற கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்தால் அந்த ஊரின் சரித்திரமே கிடைக்கிறது. பனை வேலை. பனை வேலை. கொழும்பு போனான். பேதி. தம்பியைப் பார்க்க ஆளில்லை. பனை வேலை. பதநீர் காலம் வந்ததும் பையன்கள் கொத்தாக நின்றுவிட்டிருக்கிறார்கள். அப்பா இறக்கியதை விடிலிக்கு, அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசைக்கு, சுமக்க ஆள் வேண்டும், அம்மா காய்ச்சும்போது அடுப்புக்குச் சுள்ளி பொறுக்க ஆள் வேண்டும். மழைக்குப் பிறகு அவர்களில் பாதிப் பேருக்கு மறுபடி சேர்க்கை எண். என் பூட்டிக்கு நேரே, மூன்றாம் வகுப்பு, 'பெரியவளானாள்'. அதோடு அவளுடைய பள்ளிக்கூடம் முடிந்தது. பூட்டி மூன்றாம் வகுப்புவரை படித்தவள் என்பதே அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கைநாட்டு என்றே நினைத்திருந்தோம்.

பூட்டிக்கு ஒரு தம்பி. அவர் பள்ளிக்கு வந்திருந்தால் 1911, 12 வாக்கில் சேர்ந்திருக்க வேண்டும். அப்பா திரும்பி வந்தாரா, தொழில் கட்டத்தில் அப்போதும் 'கொழும்பு'தானா, பாதுகாவலர் இன்னும் அந்த அம்மாதானா என்பதெல்லாம் அடுத்த தொகுதியில் இருந்திருக்கும். 'ஆவணங்களைச் சரிபார்த்துவிட்டுச் சொல்கிறோம், பிறகு வாருங்கள்' என்றார்கள். பிறகு போனபோதுதான் லாரி வந்துபோன கதை.

இந்தப் பதிவேடு எவ்வளவு அரிதாகக் கிடைத்தது என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ரிஜிஸ்டர் கிடையாது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள், கை தேறியதும் ஓலைக்குப் போனார்கள். வாத்தியாருக்கு எல்லாப் பிள்ளையையும் தெரியும், எந்த வீட்டிலிருந்து நெல் வர வேண்டும் என்பதும் தெரியும். எழுதி வைக்க அவசியமில்லை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் எழுத்தைப் படித்தது இப்படி ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம்தான். பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் எழுதினார். சீகன்பால்கு ஜெர்மனிக்கு எழுதிய கடிதங்கள் ஹாலே நகரத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பிள்ளைகள் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. மணலில் எழுதச் சொல்லிக் கொடுக்க அவர் நியமித்த எட்டு வயதுச் சிறுவனின் பெயர் ஜான் ஃபிரிஸ்கன், ஒரு சிப்பாயின் மகன். கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அவன் எதைச் சொல்லிக் கொடுத்தானோ அதை முதலில் செய்துகாட்டிய தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடப் பெயர் மிஞ்சவில்லை.

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ கலெக்டர்களுக்கு எழுதிப் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826-ல் கூட்டிப் பார்த்தபோது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540. அந்தக் காலத்துக் கல்வியைப் பற்றிப் பேசும் எல்லாரும் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்; வெள்ளைக்காரன் வருமுன் எல்லாரும் படித்தோம் என்று ஒரு கட்சி, யாரும் படிக்கவில்லை என்று இன்னொரு கட்சி. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் குறைவு. அந்த 4,540 பேரில் ஒருத்தியின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் இரண்டு கட்சியும் வாயடைத்துப் போகும். கலெக்டர்கள் சாதிவாரியாகத் தலையை எண்ணி அனுப்பினார்கள், அவ்வளவே.

ஊர்ப்புறப் பிள்ளைகளின் பெயர் வரிசையாகத் தாளில் ஏறத் தொடங்கியது பெரும்பாலும் மானியம் வந்த பிறகு. 1854-ல், இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகைக்கு வழி திறந்தது. 1860களில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சியைப் பார்த்து மானியம் என்று ஒரு முறையும் வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளையை நிறுத்திப் படிக்கச் சொல்வார், தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம். யார் எப்போது சேர்ந்தார், எத்தனை நாள் வந்தார் என்று காட்டாமல் பணம் வராது. மிஷனரிக்குப் புண்ணியத்தில் அக்கறையா, ஆவணத்தில் அக்கறையா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். கணக்குக் கேட்டார்கள், பெயர் எழுதினார்கள். சில வாத்தியார்கள் வராத பிள்ளையையும் வந்ததாக எழுதியிருப்பார்கள். மானியம் இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கும். நான்கைந்து வருடப் பதிவேட்டைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்தத் தில்லுமுல்லும் பிடிபட்டுவிடும்.

அந்த மிஷன் பள்ளிகளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட நான் வரவில்லை. அநாதைப் பிள்ளைகளைத் தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) எடுத்து வளர்த்தார்கள், உண்மை. அதே விடுதிகளில் பெண் பிள்ளைகளை உபதேசியாருக்கு ஏற்ற மனைவிகளாகத் தயார் செய்தார்கள், அதுவும் உண்மை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய விடுதிப் பள்ளிகளில் இன்னொரு படி மேலே போனார்கள். அமெரிக்காவில் ஒருவர் பணம் அனுப்பினால் அவர் சொல்லும் பெயர் இங்கே ஒரு பிள்ளைக்கு வைக்கப்படும். 1823-ல் தொடங்கி 1855-ல் மூடப்பட்ட அவர்களுடைய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர் கறல் விசுவநாதபிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் அவரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். விசுவநாதபிள்ளைக்கு முன்னால் நிற்கும் 'கறல்' அப்படி வந்ததுதான். பெரிய மனிதர் என்பதால் அவருடைய இரண்டு பெயரும் நமக்குத் தெரியும். அவரோடு விடுதியில் கிடந்து படித்து, பிறகு ஊருக்குத் திரும்பிப் பழைய பெயரிலேயே வாழ்ந்து செத்த சாதாரணப் பிள்ளைக்கு? புதுப் பெயரையும் வீட்டுப் பெயரையும் அருகருகே எழுதிய ஒரு தாள் இருந்தால்தான் இன்றைக்கு டொராண்டோவில் இருந்து தேடும் அவனுடைய வம்சத்துக்கு வழி கிடைக்கும். வேறு வழியே இல்லை.

இப்போது எனக்கு மனசு ஆறாத இடத்துக்கு வருகிறேன். மிஷனரிகள் எழுதிய கடிதமும் அறிக்கையும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். நற்செய்தி பரப்புச் சங்கத்தினுடையவை ஆக்ஸ்ஃபோர்டில். லண்டன் மிஷன் காகிதங்கள் லண்டனில், அமெரிக்க மிஷனுடையவை ஹார்வர்டில். குளிரூட்டிய அறை, அமிலமில்லாத உறை, எந்தப் பெட்டியில் எந்தக் கடிதம் என்று பட்டியல். பாளையங்கோட்டையில் 1820-ல் வந்து இறங்கிய மிஷனரி ரேனியஸ் என்ன எழுதினார் என்று தேடிப் பிடித்துவிடலாம். ரேனியஸ் நடத்திய பள்ளிகளுக்குப் பின்னால் வந்த பள்ளிகளில் யார் படித்தார்கள் என்று கேட்டால், சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாத பீரோவைக் காட்டுகிறீர்கள். பாடம் சொல்லித் தந்தவர்களின் காகிதத்தைக் கடல் தாண்டியவர்கள் காப்பாற்றுகிறார்கள். படித்த பிள்ளைகளின் காகிதம் நம் கையில் இருந்தது. நாம்தான் எடைக்குப் போட்டோம்.

கடல் தாண்டிப் போன கூலிகளுக்குக்கூட இதைவிட நல்ல ஆவணம் இருக்கிறது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கப்பல்வாரியான பட்டியல் உண்டு: பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர். அதைப் பார்த்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இங்கே ஊர் தேடி வருகிறார்கள். ஆள் திரட்டும் கங்காணி பின்னால் இலங்கைக்குப் போனவர்களுக்கு அப்படிக் கப்பல்வாரிப் பட்டியல் கிடையாது. ஊரிலேயே கிடந்தவர்களுக்கு எதுவுமே கிடையாது. நேட்டாலிலிருந்து ஒருவர் கையில் தாளோடு வந்து, 'என் பூட்டனின் தம்பி இந்த ஊரில்தான் இருந்திருப்பார்' என்று கேட்டால், இந்தப் பக்கத்துக் கதவைத் திறக்க உங்கள் பதிவேட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களை நான் கேட்டிருக்கிறேன். இடம் இல்லை என்பது ஒன்று. நூறு வருடப் பதிவேடுகளும் ஒரே ஒரு இரும்பு பீரோவில் அடங்கும். கோப்பைகளும் கேடயங்களும் வைக்க அலுவலகத்தில் அதைவிடப் பெரிய கண்ணாடி அலமாரி நிற்கிறது. ஆள் இல்லை என்பது உண்மைதான், இருக்கிற ஒரே கிளார்க், கல்வித் துறையின் கணினித் தளமான எமிஸில் விவரம் ஏற்றுவதற்கே பொழுது போதாமல் நிற்கிறார் என்று எனக்கும் தெரியும்.

சாதிக் கட்டம் இருக்கிறது, வெளியே விட்டால் வம்பு வரும் என்கிறீர்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய பதிவேடுகளில் சாதிப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும் விதமே சில இடங்களில் கூசுகிறது. அடுத்த தெருக்காரரின் தாத்தா என்ன சாதி என்று துருவ யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதே கட்டம் இன்னொரு விதத்தில் ஏழைக்குக் கடைசித் துணை. பழங்குடிச் சான்றிதழ் கேட்டு அலையும் குடும்பத்திடம் அதிகாரி முதலில் கேட்பது 1950-க்கு முந்தைய ஆவணம். அரசியலமைப்புச் சட்டம் வருவதற்கு முன் பள்ளிப் பதிவேட்டில் எழுதப்பட்ட பதிவுக்குச் சான்று மதிப்பு அதிகம் என்று 1994-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மலையோரப் பள்ளி ஒன்றின் 1930-ம் வருடப் பதிவேட்டைக் கழித்துவிட்டால், அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் மருத்துவப் படிப்பு அதோடு போகலாம். எங்களைப் போன்றவர்களின் குடும்ப ஆசையை வேண்டுமானால் பொழுதுபோக்கு என்று ஒதுக்குங்கள். இதை ஒதுக்க முடியாது.

இனி, உங்களிடம் நான் கேட்பவை.

1950-க்கு முந்தைய எந்தப் பதிவேட்டையும் இன்றிலிருந்து கழிக்காதீர்கள். சேர்க்கைப் பதிவேடு மட்டும் அல்ல. விடுதிப் பதிவேடு, உதவித்தொகைக் கணக்கு, இன்ஸ்பெக்டரின் பார்வைக் குறிப்பேடு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நிர்வாகக் குழுவில் தீர்மானமாகப் போட்டு, அடுத்து வரும் தலைமையாசிரியரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். என்னென்ன இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எது இடையில் இல்லை என்று ஒரு தாளில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டுங்கள். ஒரு பிற்பகல் வேலை. நகலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் அனுப்புங்கள்.

படம் எடுங்கள். ஸ்கேனர் வாங்க நன்கொடை திரட்ட வேண்டியதில்லை, ஜன்னலோர வெளிச்சத்தில் ஒரு கைபேசி போதும். பக்கத்தை நூற்றெண்பது பாகைக்கு விரித்து முதுகை உடைக்காமல் இருந்தால் சரி. தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டும் கரையானைவிட மோசம். பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் வையுங்கள். ஆள் இல்லாத பள்ளிகளுக்கு விடுமுறையில் வந்து உட்கார எங்களில் பலர் தயாராக இருக்கிறோம். பழைய மாணவர் சங்கத்தைக் கேட்டாலும் வருவார்கள். எப்போதும் பணம் மட்டுமே கேட்கப்படுவதில் அவர்களுக்கே சலிப்பு இருக்கிறது.

பார்வையிட ஒரு விதி வையுங்கள், ஆளுக்கு ஆள் மாறாத விதி. நூறு ஆண்டு கடந்த பதிவேடு யாருக்கும் திறந்திருக்கட்டும், சாதிக் கட்டத்தை மறைத்து. அதற்குப் பிந்தையதை அந்த மாணவரோ வாரிசோ அடையாளச் சான்றோடு வந்தால் காட்டுங்கள், அவர்களுடைய வரியில் எதையும் மறைக்காமல். குறிப்பெடுக்கவும் படமெடுக்கவும் விடுங்கள். மனுவுக்கு முப்பது நாளுக்குள் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுத்தில் பதில் கொடுங்கள். பள்ளியை மூடவோ இணைக்கவோ நேர்ந்தால் பதிவேடுகளை ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

கடைசியாக, லாரி ஏற்றிய அந்தப் பள்ளியின் தாளாளர் அவர்களுக்குத் தனியாக. நான் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் உங்களுக்குக் கிடைத்ததற்கான ஒப்புகை அட்டை என்னிடம் இருக்கிறது. 1911 முதல் 1940 வரையிலான பதிவேடுகளைக் கழிக்க யார் எந்தத் தேதியில் உத்தரவிட்டார் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். 1911-க்கு முந்தைய தொகுதிகள் இன்னும் பீரோவில் இருக்கின்றனவா என்றும் சொல்லுங்கள். எடைக்குப் போனதில் மிச்சம் ஏதும் குடோனில் கிடந்தால் கொடுத்த விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொள்ள நாங்கள் தயார். எந்த ஊர்க் கடைக்குப் போட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இந்த வாரமே சொல்லுங்கள், அரைக்கும் ஆலைக்கு மாதம் ஒருமுறை லோடு போகிறதாம்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்த ஒருத்தியின் கொள்ளுப்பேத்தி